மலையை நக்கியவர்

வழிகாட்டிப் பெண் முதுகைக் காட்டிய கணத்தில் குலேந்திரன் மலையை நக்கினார்.

சுவிஸில் பே என்ற ஊரின் உப்புச் சுரங்கத்துக்குள் தலைக்கவசத்தோடு நின்ற பதினெட்டுச் சுற்றுலாப் பயணிகளில் அதைக் கண்டவன் மகன் கீர்த்தனன் மட்டுமே. மலை கூச்சத்தில் ஒருதரம் நெளிந்ததாக இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான்.

அவன் தடுத்திருக்கலாம். அப்பாவின் சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து, பதினொரு வருடமாக, லோசான் வீட்டுக்குள் உப்பு நுழைய அம்மா தில்லைநாயகி விட்டதில்லை. அகதியாக வந்தவருக்கு விசா கொடுத்த நாட்டில் உப்புக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா தானும் அவரோடு சேர்ந்து உப்பில்லாமலே சாப்பிட்டாள். எதிர்த்துக் கதைக்க வழியில்லை. கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அப்பாவும் மகனும் ரயில் ஏறியிருந்தார்கள்.

குலேந்திரன் கண்ணை மூடி ருசி பார்த்தார். டாவோஸ் ஹோட்டல் குசினியில் இருபது வருடம் சமையல் வேலை பார்த்த நாக்கு.

"உப்புக் காணாது," என்றார்.

கீர்த்தனன் நைசாக விசாரித்தான். பாறையில் உப்புக் கொஞ்சம்தான், தண்ணீர் விட்டுக் கரைத்துத்தான் எடுப்பது என்றாள் வழிகாட்டி. முந்நூறு வருடத்துச் சுரங்கத்தில் உப்புப் போதாதென்று குறை பிடித்துவிட்ட பெருமையில், வெளியே வரும் படிகளை அப்பா கைப்பிடி தொடாமல் ஏறினார். திரும்பும் ரயிலில் உதட்டைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டே நித்திரையானார். லோசானில் எழுப்பியபோது எழும்பவில்லை.

இதயம் நின்றது நக்கினதால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்டவன் கீர்த்தனன்தான்.

தகனம் முடிந்து வந்த பின்னேரம் அம்மா கேட்டாள்.

"கண் டாக்டர் என்ன சொன்னவர்?"

கீர்த்தனன் நிலத்தைப் பார்த்தான். "உப்புச் சுரங்கத்துக்குப் போனனாங்கள் அம்மா. அப்பா சுவரை நக்கினவர்."

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"என்னவாம்?"

"உப்புக் காணாதாம்."

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று அவளே போய் ஒரு கிலோ உப்பு வாங்கி வந்தாள். அப்பாவுக்குப் பிடித்த நண்டுக்கறி, மரவள்ளி, மீன் குழம்பு. படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக்கூடாது. அளவோ கைக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு பிடி போட்டாள். யோசித்தாள். இன்னொரு பிடி போட்டாள். கீர்த்தனன் பார்த்துக்கொண்டு நின்றான்.

படைத்து முடித்துப் பந்தி வைத்தார்கள். பத்மநாதன் பெரியப்பா முதல் வாயை விழுங்கியதும் கண் கலங்கிவிட்டார். பாசத்தில் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள், தாங்களும் ஒரு வாய் வைக்கும்வரை. செத்த வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்லக்கூடாது. ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர் கேட்டார்கள். தில்லைநாயகி தலையை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் வார்த்தாள்.

கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, நண்டுக்கறியை விட்டு, அப்பாவின் படத்துக்கு நேரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வழித்துச் சாப்பிட்டாள். தண்ணீர் எடுக்கவில்லை.