பச்சையம்மாவின் நாடாப் புண்

நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும் என்று மருத்துவக் கல்லூரியில் முதல் நாளிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். எங்கே வைத்துப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் பயிற்சி மருத்துவராக இருந்த அரசு மருத்துவமனையில், பெண்கள் வார்டில் ஒரு மறைப்புகூடக் கிடையாது. பார்வையாளர் நேரம் என்று போர்டில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கிற ஆம்பளையை நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் மாமனார், கொழுந்தன், அவர்களுக்கு டீ வாங்கி வருகிறவன் என்று யாராவது உலாத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சந்தையில் நின்று ஒரு பெண்ணிடம் சேலையைத் தளர்த்தச் சொல்ல எந்த டாக்டருக்கு வாய் வரும்? முகத்தைப் பார்ப்போம், கை காலைப் பார்ப்போம், ஜாக்கெட்டின் மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைப்போம். பிறகு 'தோல்: நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறைப்பு இல்லாமலும் இல்லை. பச்சைத் துணி போட்டு, சக்கரம் வைத்த ஸ்கிரீன் ஒன்று இருந்தது. அது எங்கள் சீஃப் டாக்டர் ராஜமாணிக்கத்தின் அறையில் நின்றது. அதற்குப் பின்னால் அவர் மதியம் சாப்பிடுவார், சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசருவார்.

பச்சையம்மா காய்ச்சலோடு வந்து சேர்ந்தது ஐப்பசி மழை விட்ட சமயம். காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைத்தவள். ஏரி சோறு போடாமல் போனதும், தொழிற்பேட்டையின் காலி மனைகளில் புதர் வெட்டும் காண்டிராக்ட் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரிசல்ட் வந்தது. டைபாய்டு பரிசோதனை மட்டும் லேசாகக் காட்டியது. சீஃப் அதைப் பிடித்துக்கொண்டார். டைபாய்டு ஊசி ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சலும் இறங்காமல் இருந்தது. அன்று காலை அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. பேசினால் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்போம். கேக்கலைன்னா மெட்ராஸுக்கு அனுப்பிடு," என்றார் சீஃப்.

"சார், புதர் வெட்டற வேலை. ஸ்கரப் டைபஸா இருக்குமோ?"

புதரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் அது. எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் பலருக்கும் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் கறுத்த பொருக்கு நிற்கும். சரியான மருந்தைத் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் ஓடிவிடும். விட்டால் நுரையீரலில் இறங்கி ஆளைக் கொண்டுபோய்விடும். டைபாய்டு ஊசியை அது மதிக்காது.

"பொருக்கு எங்க?" என்றார்.

"இதுவரைக்கும் யாரும் பாக்கலையே சார்."

"பாத்துட்டு வந்து பேசு." அவர் புறநோயாளிகள் பிரிவுக்குப் போய்விட்டார்.

நான் பச்சையம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். "அக்கா, உடம்பு முழுக்க ஒருதரம் பாக்கணும்."

"இன்னாத்துக்கு? காய்ச்சலுக்கு ஊசி போடு." மூச்சு வாங்கினாள். "இத்தினி ஆம்பளைங்க சுத்திக்கினு கீறானுங்க. செத்தாலும் மானத்தோட சாவறேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது நியாயம். அந்த நியாயம் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. நான் எழுந்து நேராக சீஃப் அறைக்குப் போனேன்.

ஸ்கிரீன்மேல் அவருடைய கைத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து நாற்காலியில் மடித்துப் போட்டுவிட்டு ஸ்கிரீனை வெளியே இழுத்தேன். ஒரு சக்கரம் உருளவில்லை, வராண்டா முழுக்கக் கிரீச்சிட்டது. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இழுத்தேன்.

ஸ்டாஃப் நர்ஸ் செல்வி ஓடி வந்தார். "இன்னா நர்மதா இது, சீஃப் ஸ்கிரீனும்மா."

"வார்டு ஸ்கிரீன் சிஸ்டர். சீஃப் ரூமுக்கு விருந்துக்குப் போயிருந்துச்சு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார்.

மறைப்பு வந்ததும் பச்சையம்மா தானே சேலையைத் தளர்த்தினாள். அக்குளில் ஒன்றுமில்லை. மார்புக்குக் கீழும் ஒன்றுமில்லை. இடுப்பில் பாவாடை நாடா இறுகியிருந்தது. அவிழ்த்தபோது சுற்றிலும் கறுத்த பட்டையாகத் தழும்பு. முதுகுப் பக்கம் பட்டையோடு பட்டையாக ஒரு புண்.

"அது நாடாப் புண்ணு, உடும்மா," என்றாள் பச்சையம்மா.

"எல்லாருக்கும் இருக்கறதுதான்," என்றார் செல்வி.

எல்லோருக்கும் இருப்பதுதான். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற எங்கள் பெண்கள், அவிழ்ந்துவிடக் கூடாதே என்று நாடாவை உயிர் போக இறுக்குவார்கள். ஆர்.கே.பேட்டையில் நாற்று நட்டுவிட்டு வந்து என் அம்மா இடுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். நடவுக்குப் போன லீவுகளில் நானும் தடவியிருக்கிறேன். புத்தகத்துப் படங்களில் அந்தப் பொருக்கு வெள்ளைத் தோலில் பொட்டு வைத்தாற்போல் தெரியும். கறுத்த தோலில், கறுத்த தழும்பில், அதற்கும் மேல் ஒரு நாடாவுக்குக் கீழே அது எப்படித் தெரியும் என்று அந்தப் புத்தகம் எழுதியவர்களுக்குக் கவலையில்லை.

"எரியுதாக்கா?"

"இல்லியே."

"வேர்வை பட்டா?"

"எரிஞ்சா எண்ண வச்சிருக்க மாட்டனா? எரியவே இல்ல, அதான் உட்டுட்டேன்."

நாடாப் புண் எரியும். வேர்வை பட்டால் உயிர் போகும். அது என் இடுப்புக்கே தெரியும். டார்ச்சை அடித்துக் குனிந்தேன். சட்டைப் பொத்தான் அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அழுத்தினேன். அவள் முகம் மாறவில்லை. பூச்சி கடித்த பொருக்குதான் இப்படி வலிக்காமல் இருக்கும். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினேன். ரிசல்ட் வருவதற்குள் இவள் இருப்பாளா என்பது நிச்சயமில்லை. ஸ்கரப் டைபஸுக்கான டாக்ஸிசைக்ளின் எழுதி, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, முதல் மாத்திரையை நானே விழுங்க வைத்தேன்.

சீஃப் வந்தபோது முகம் சிவந்திருந்தது. "என் ரூம்ல கை வைக்க உனக்கு யார் பர்மிஷன் குடுத்தா? ஒரு நாடாப் புண்ணப் பாத்துட்டு என் ட்ரீட்மென்ட்ட மாத்துவியா? பயிற்சிய நீட்டி எக்ஸ்டென்ஷன் போட்டா ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடிக்கவே மாட்ட, தெரியுமா?"

அப்பா வயலை அடமானம் வைத்துப் படிக்க வைத்த படிப்பு. ஆனாலும் ஸ்கிரீனுக்குள்ளே கிடந்தவள் மூச்சுக்கு இழுப்பது எனக்குக் கேட்டது.

"போடுங்க சார். அந்த மருந்த மட்டும் நிறுத்தாதீங்க. நிறுத்தணும்னா உள்ள போய்ப் பாத்துட்டு நிறுத்துங்க."

அவர் என்னை முறைத்துவிட்டு, செல்வி சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பின்னால் போனார். "பாக்கலாமாம்மா?" என்று அவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூச்சு வாங்குது, மாத்திரை போதாது. டாக்ஸியோட அசித்ரோமைசினும் சேத்து ஊசியாப் போடு. ஆக்ஸிஜன் வை," என்றார். நல்ல டாக்டர்தான், பார்த்தால்.

இரண்டாம் நாள் காலை பச்சையம்மாவின் நெற்றி குளிர்ந்திருந்தது. நாஷ்டா எங்கே என்று அவள் செல்வி சிஸ்டரை அதட்டிக்கொண்டிருந்தபோது சீஃப் மாணவர்கள் புடைசூழ வந்தார். கேஸைப் பற்றி நன்றாகவே விளக்கினார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "சரி, ஸ்கிரீன என் ரூமுக்கு அனுப்பிடு."

"முடியாது சார்," என்றேன்.

அவர் வாயைத் திறக்கும் முன் பச்சையம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அது இங்கதான் இருக்கும் சார். உங்க ரூமுக்குக் கதவு கீதுல்ல, சாத்திக்கினு சாப்புடுங்க."

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். சீஃப் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். "எக்ஸ்டென்ஷன் எக்ஸ்டென்ஷன்தான்," என்று என்னிடம் சொன்னார்.

"இதே வார்டுல போடுங்க சார்."

அவர்கள் போனதும் கிரீச்சென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஓரக் கட்டிலில் வயிற்றுவலி என்று சேர்ந்திருந்த பெண் ஸ்கிரீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு காட்டணும். வந்ததுலருந்து சொல்லல."