எண்பதாம் வாசலைத் திறக்கும் விதி

எங்கள் பள்ளியின் ஃபயர்வால் தணிகாசலம் என்பவர். இடுப்புக்கு மேல் மனிதர், கீழே செங்கல். சர்வர் அறைக்கு முன்னால் வராந்தாவை அடைத்துக்கொண்டு நிற்கிறார். மழைக்காலத்தில் அவருக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் பாசி பிடிக்கும். சுண்ணாம்பு அடிக்க வந்தால் சட்டையைக் கழற்றிக்கொள்வார்.

அவருக்குப் பின்னால் பள்ளியின் பெரிய கணினியான சர்வர் இருக்கிறது. அதனிடம் யாரை விடலாம் என்று பார்ப்பது அவர் வேலை. அதிலுள்ள பக்கங்களைப் பள்ளிக்குள் இருப்பவர்கள் மட்டும் திறக்கலாம். ஒரு பக்கத்தில் நான் இருக்கிறேன். நான்கு நிமிடம் இருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் இந்திராணி மிஸ் என்னை எழுப்பி ஒரு சூத்திரம் கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மிஸ் போனை எடுத்து வீடியோ பிடித்தார். அதைச் சர்வரில் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியர் அறையில் அதைப் பார்த்தபடி டீ குடிப்பார்கள். நான் பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வீடியோ தொடர்ந்து படிக்கிறது. பத்தாம் வகுப்பில் தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வீடியோவில் மிஸ்ஸின் குரலும் உண்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். உள்ளே யார் காதிலும் அது விழுவதில்லை. பழகிவிட்டது. வெளியே இருப்பவர்கள் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கேட்க வேண்டும். மிஸ் குடியிருக்கும் தெரு கேட்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

வாசல் திறக்கக் கேட்டுத் தணிகாசலத்திடம் ஒரு சீட்டை நீட்டினேன். நான் பேசுவதில்லை, எழுதித் தருவேன்.

"வெளியேருந்து உள்ளயா?"

தலையாட்டினேன்.

"எல்லாரும் உள்ளேருந்து வெளிய போகத்தான் கேப்பாங்க. எந்த வாசல்?"

எண்பது என்று எழுதினேன். பக்கங்கள் அந்த வாசல் வழியாகத்தான் போய்வரும். அவர் ஒவ்வொரு கேள்வி கேட்டபோதும் வராந்தா ஒரு வகுப்பறை அளவு நீண்டது. கடைசிக் கேள்வியில் அவர் முகம் பொட்டளவு தெரிந்தது.

அவர் அனுப்பிய ஆபீசில் கிளார்க் அம்மா, வெளி என்று ஒன்று இருப்பதற்குச் சான்று கேட்டார். தெருவுக்குப் போய் டிபன் டப்பாவில் கொஞ்சம் புழுதி அள்ளி வந்தேன். மோந்து பார்த்தார். 'வெளி, ஒரு டப்பா' என்று எழுதி முத்திரை குத்தினார். டப்பாவைத் திருப்பித் தரவில்லை.

பிறகு தணிகாசலம் தன் விதிப் புத்தகத்தைக் கொடுத்தார். நானே எழுதினேன். யார் வந்தாலும் எண்பதாம் வாசல் வழியாகச் சர்வருக்கு விடவும்.

வந்து பார்க்கச் சொல்லி வீடு வீடாகச் சீட்டுப் போட்டேன். ஊர் வந்தது. தணிகாசலம் மூன்று நாள் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். கோழிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு இரண்டு தடவை வந்து போனார்.

நான்காம் நாள் போய் நின்றேன். தணிகாசலம் புத்தகத்தைத் திறந்து காட்டினார். விதிகளை மேலிருந்து படிப்பாராம். பொருந்துகிற விதி வந்ததும் நிறுத்திவிடுவாராம். பதினேழாவது விதி, யாரையும் விடாதே. என்னுடையது பதினெட்டு.

"அதத் தாண்டி நான் படிச்சதே இல்ல கண்ணு. கீழ எடம் இருக்கறதே இப்பத்தான் தெரியும். நீ ஏன் அங்க போய் எழுதின?"

நான் எங்கேயும் கடைசியில்தான் உட்காருவேன். கை அதுவாகப் போய்விட்டது.

மேலே ஏற்ற வேண்டுமானால், முதல் விதியை எழுதியவர் கையெழுத்து வேண்டும். முதல் விதியை எழுதியவர் இந்திராணி மிஸ்.

மிஸ் கரும்பலகைக்குள் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். என் விண்ணப்பத்தைப் படித்துச் சிரித்தார். பலகையிலிருந்து தூள் உதிர்ந்தது.

"ஏன்டி இளமதி, நீ திருதிருன்னு முழிச்சத நாலு செவுத்துக்குள்ள பார்த்தது பத்தலையா? ஊரே பார்க்கணுமா?"

தலையாட்டினேன்.

"பார்க்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். தேதியையும் அவரே போட்டார்.

என் விதி முதலாவது ஆயிற்று. எண்பதாம் வாசல் தணிகாசலத்தின் இடது விலாவில் இருந்தது. திறந்தபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஊர் உள்ளே வந்தது.

வீடியோவில் என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸின் குரலைக் கேட்டார்கள்.

"உன்னப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு நாய வளத்திருக்கலாம்டி. அதுவாச்சும் கூப்பிட்டா கொரைக்கும்."

யாரும் கத்தவில்லை. யாரும் வெளியே போகவும் இல்லை. கோழிக்கடைக்காரர் கரும்பலகைக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அத எனக்கும் ஒருவாட்டி நேர்ல சொல்லுங்க மிஸ்."

மிஸ் மறுத்தார். கோழிக்கடைக்காரர் நகரவில்லை. சாயங்காலம் மிஸ் சொன்னார். அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்து ஒரு கண்டக்டர் வந்தார். அவருக்கும் சொன்னார். பதினோராவதாக மிஸ்ஸின் அம்மா வந்தார். அவரிடம் சொல்லி முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

வரிசை இப்போது அடுத்த தாலுகாவைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மிஸ் ஒரு விரற்கடை குறைகிறார். சாக்பீஸ் உயரத்துக்கு வந்துவிட்டார். ஆட்கள் குனிந்து பலகையில் காதை வைத்துக் கேட்கிறார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. நடுவில் என் அம்மா நிற்கிறாள். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

விதியை அடித்துவிடச் சொல்லி மிஸ் என்னைப் பார்த்துக் கைகூப்புகிறார். பேனா என்னிடம்தான் இருக்கிறது.

நான் வரிசையில் நிற்கவில்லை. எனக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.