ஏழடிப் பலகைக்கு நான் சொல்லிக்கொடுத்த குறைகள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதனால்தான் இத்தனை தொல்லை கொடுக்கிறதோ என்னவோ. இராயபுரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தேன். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "ஏழேகாலடிக்கு மேல எங்க மாடிப்படில திரும்பாதுடி!" பீரோ என்று நினைத்தேன். கட்டில் என்று நினைத்தேன். "சின்ன அலைக்கு அது போதும்டி" என்று அடுத்த வாக்கியம் வந்தது. என் ரயில் போய்விட்டது. நான் போகவில்லை.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் வடசென்னைக் கதை கேட்டு மூன்று மாதமாக நச்சரிக்கிறார். கடலில் பலகை வைத்து அலையேறும் பெண்ணைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். "அது கோவளம் பக்கத்துக் கதையாச்சே சார். உங்க பக்கம்னா புகை, எண்ணெய்க் கசிவு, கத்தி…" என்று மளிகைச் சீட்டு படிக்கிற மாதிரி அடுக்கினார். சரி, மனுஷன் ஆசைப்படுகிறாரே என்று இப்படித் தொடங்கினேன்:

சாம்பல் படிந்த அந்தக் கடற்கரையில், நாளையைத் தொலைத்துவிட்ட ஒருத்தி —

சீச்சீ. (அடித்துவிட்டேன். ஆனால் அச்சில் அப்படியே கிடக்கட்டும். அவர் பார்க்க வேண்டும்.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் எழில்மொழி. முப்பத்து நான்கு வயது. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மீஞ்சூர் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், ஆய்வகத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் கடலைக் கண்ணாடிக் குடுவைக்குள் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்வரிசைகள்* இரண்டுக்கு நடுவே அலையேறப் போகிறாள்.

போகிறாள் என்றுதான் சொன்னேன். ஏறுகிறாள் என்று சொல்லவில்லை.

முதன்முதலில் பயிற்சி வகுப்பில், அவர்களே கொடுத்த பெரிய ஸ்பாஞ்சுப் பலகையில் ஒரே ஒரு தடவை நின்றாள். ஆறு விநாடி இருக்கும். அந்த ஆறு விநாடிக்காகத்தான் இரண்டு வருஷமாக அலைகிறாள். சொந்தப் பலகை வாங்கியதுதான் வினை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, கூர் மூக்கு, வஞ்சிர மீன் மாதிரி ஒல்லி. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினாள். ஏன் மலிவாகக் கிடைத்தது என்று தண்ணீரில் இறங்கியதும் தெரிந்தது. மார்பளவு அலைக்கும் எலும்பும் நரம்புமான இருபது வயதுக்கும் செய்த பலகை அது. திருவொற்றியூரில் முழங்கால் அலை. அவள் படுத்ததும் பலகை பாதி முங்கிவிடும். அலை அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அடியில் நுழைந்து கரைக்குப் போய்விடும். கல்லில் உட்கார்ந்து சீட்டாடுகிறவர்கள் ஞாயிறு தவறாமல் விசாரிப்பார்கள்: "எக்கா, இன்னிக்காவது வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

ஒன்பதடிப் பலகை என்றால் மிதக்கும். ஆனால் குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். டேப் வைத்து மூன்று தடவை அளந்துவிட்டாள்; ஏழேகாலுக்கு மேல் இடமில்லை. ஆகவே நடு உயரம். மிட்-லெங்த் என்கிறார்கள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பேரம் படிந்த அளவு என்று நான் புரிந்துகொண்டேன். மூக்கு அகலமாக, வயிறு தடிப்பாக, அடி தட்டையாக இருந்தால் சோம்பேறி அலையின் சின்னத் தள்ளலுக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இன்று சனிக்கிழமை. ஞாயிறு ஷிஃப்ட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி மேலதிகாரி கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். பழைய பலகையோடு இன்னொரு பருவம் முங்குவதைவிடப் பெயரைக் கொடுத்துவிட்டுக் கடலை மறந்துவிடலாம் என்று இருக்கிறாள். கதையில் பணயம் இவ்வளவுதான். யாரும் சாகமாட்டார்கள். ஆசிரியர் மன்னிக்க.

* அரசாங்கம் இதற்குத் தூண்டில் வளைவு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. இங்கே எல்லோருக்கும் அது கல்லு.

3

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஜோவின் கொட்டகை. உடைந்த ஃபைபர் படகுகளை ஒட்டிக் கொடுப்பவன். வயது முப்பதுக்குள். அலைப் பலகையும் ஃபைபர்தானே என்று சிலர் அதையும் கொண்டுவந்து போடுவார்கள். அப்படி ஒருவர், வெளிநாட்டுக்குப் போகிற அவசரத்தில், நீயே விற்றுக்கொள் என்று விட்டுப்போன ஏழடிப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. வெளிறிய மஞ்சள். எழில்மொழி தேடியது இதைத்தான், அங்குலம் பிசகாமல்.

முதல் வரைவில் அவள் உள்ளே போனாள், விலை கேட்டாள், சொன்னதைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்பது வரி. என் வயிறு எரிந்தது. கதை முடிந்துபோனதற்காக அல்ல. சொன்ன விலையைக் கொடுத்தாளே, அதற்காக. நான் மண்ணடியில் பழைய இரும்புக் கடையில் வளர்ந்தவன். என் அப்பா எதை வாங்க நினைக்கிறாரோ அதைச் செத்த எலியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பக்கத்தில் இருப்பதைத் தடவிக் கொடுப்பார். பிடித்த பொருளுக்கு நாலு குறை சொல்லாமல் எங்கள் வீட்டில் உப்புகூட வாங்கியதில்லை.

அதனால் இரண்டாவது வரைவில் அவளைக் கொட்டகை வாசலில் நிறுத்தி, குறைகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

"இன்னாபா இது, மூக்கு இவ்ளோ மழுங்கி கீது?"

"ஆமாக்கா, மழுங்க மூக்குதான்" என்றான் ஜோ.

"அகலம் வேற. அக்குள்ல இடுக்க முடியுமா இத்த?"

"கஸ்டந்தான்."

"அடி தோசக்கல்லாட்டம் தட்டயா கீது. நடுவுல தொப்ப வேற. இத்தப் போயி யாரு வாங்குவா?"

இந்த இடத்தில் ஜோ தலையில் அடித்துக்கொண்டு, தாயார் மேல் சத்தியம் செய்து, விலையில் ஒரு படி இறங்க வேண்டும். அதுதான் முறை. ஜோவோ பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டான்.

"நல்லவேள வாயத் தொறந்து சொன்ன. நான் பாட்டுக்கு உன் தலைல கட்டியிருப்பேன். உனுக்கு வேண்டிய சாமான் இது இல்லக்கா, இரு."

உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்தான். கூர் மூக்கு. ஒல்லி. அடி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

"நீ சொன்ன கொற ஒண்ணுகூட இதுல கெடையாது, பாத்துக்க. சும்மா தூசி புட்ச்சிகினு கீது. பாதி வெல குடு, எத்துகினு போ."

பாதி! விலையே கேட்காமல் பாதி! அரைப் பக்கத்துக்கு என் சந்தோஷத்தை எழுதிவிட்டேன். (அடித்தாயிற்று.) அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கும் பலகையின் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தது அது.

"அப்ப அந்த மஞ்சளு?" என்றாள், குரல் இறங்கி.

"அத்தப் பாக்க நாலு மணிக்கு ஃபரான்னு ஒர்த்தங்கோ வராங்கோ. வர்ற வரிக்கும் வெச்சிருக்கறன்னு சொல்லிகீறேன்."

(எங்கள் கடையிலும் நாலு மணிக்கு ஒருவர் வருவதாக இருந்தார். முப்பது வருஷமாக வந்துகொண்டே இருந்தார். ஆகவே நம்பாதே என்று எழில்மொழிக்குக் கண்ணைக் காட்டினேன்.)

4

இப்படி ஒரு வியாபாரி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவனைக் கொஞ்சம் கள்ளனாக்கிப் பார்த்தேன்:

ஜோவின் உதட்டோரம் ஒரு தந்திரப் புன்னகை —

ஒட்டவில்லை. காரணம் அவன் தொழில். படகுக்காரன் வந்து "இங்க தண்ணி வருது" என்றால் அங்கே தண்ணீர் வருகிறது. விலையைக் குறைக்க எவனும் தன் படகைப் பற்றிப் பொய் சொல்லமாட்டான். சொன்னால் ஒட்ட வேண்டிய இடம் விட்டுப்போய், நீந்தித்தான் கரை சேர வேண்டும். ஜோவைப் பொறுத்தவரை, வாய்விட்டுச் சொன்ன குறை என்றால் அது குறை. எழில்மொழி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் ஒன்றுவிடாமல் நம்பினான். நடுவில் கெடுத்தவன் நான்.

கெடுத்ததைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் பேஜாராகப் போய்விட்டது.

"ஜோ, நான் சும்மா சொன்னேன்பா, அந்த ஏழடிய —" (விலை ஏறிவிடும். அடி.)

"அதுவும் சுமார்தான், இருந்தாலும் போனா போவுது —" (மறுபடியும் குறை! அடி.)

"எனக்கு —"

இதற்குமேல் கை போகவில்லை. கடைக்குள் நின்றுகொண்டு எனக்கு என்று தொடங்கும் வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது எப்படி முடியும் என்றே தெரியவில்லை. பதினோரு தடவை எழுதினேன். பதினோரு தடவையும் அவள் கூர் மூக்கோடு வியாசர்பாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பன்னிரண்டாவது தடவை அவள் என் பக்கம் திரும்பினாள்.

"யோவ் கதாசிரியரே, தண்ணில முழுவப் போறது நீயா நானா?"

"இல்லம்மா, பாதி விலைக்கு —"

"பாதி வெலைக்கு முழுசா முழுவறேன், ரெண்டு வருஷமா. கொஞ்சம் கம்முனு கெட."

கம்மென்று கிடந்தேன்.

5

மணி நாலு. கொட்டகை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஒரு பெண் இறங்கினாள். ஃபரா என்று ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாள்! இராயபுரத்துக்காரி, நாற்பது இருக்கலாம், கையில் அளவு டேப். நேராக மஞ்சள் பலகையிடம் போனாள், அதன் அகல மூக்கில் உள்ளங்கையை வைத்தாள், "இதேதான். நான் தேடிட்டிருந்தது இதேதான்" என்றாள், கடைக்காரன் காதுபட. கூச்சநாச்சமே இல்லை. எனக்குத்தான் காது சிவந்தது.

"இந்தக்காவுக்கு வாணாமாம். எல்லாக் கொறையும் சொல்ட்டாங்கோ" என்றான் ஜோ, எழில்மொழியைக் காட்டி.

எழில்மொழி அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பையை ஃபராவிடம் நீட்டி, "கொஞ்சம் புடிங்க" என்றாள். ஃபராவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள். எழில்மொழி மூலையில் கிடந்த லாரி டயர் இரண்டை உருட்டி வந்து படுக்கப்போட்டாள். மஞ்சள் பலகை அக்குளில் அடங்கவில்லை. கட்டிப்பிடித்துத் தூக்கி டயர்கள்மேல் வைத்தாள். அப்புறம், ஆலைக்குப் போட்டுப்போன சுடிதாரோடு, அதன்மேல் குப்புறப் படுத்தாள். அலையைப் பிடிக்கப் போகிற மாதிரி இரண்டு கையாலும் காற்றைத் துழாவ ஆரம்பித்தாள்.

படகு தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

"எக்கா, இன்னா பண்ற?"

"பாத்துக்க. எனுக்கு இது வேணும். நான் சொன்ன கொறயெல்லாம் பொய்யி. மூக்கு மழுங்கியாத்தான் வேணும், தொப்பயாத்தான் வேணும். கூர் மூக்கு ஒண்ணு எங்க வூட்டுல கீது, ரெண்டு வருஷமா என்னைத் தண்ணி குடிக்க வெச்சிகினு கீது. இதுவும் இல்லன்னா திங்கக்கெழம நான் ஷிஃப்ட்டுக்குப் பேர் குட்த்துருவேன். அப்பால எனுக்கு எந்த போர்டும் வாணாம், கடலும் வாணாம்."

ஜோ ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். உட்கார்ந்து அடியைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் முன்ன வா. மோவாய தூக்கு. வெயிட்டு இன்னா?"

அவள் சொன்னாள். உண்மையான எடை. (எழுதியிருந்தேன்; அடித்துவிட்டேன். அது அங்கே இருந்தவர்களோடு போகட்டும்.)

"தாங்கும்" என்றான் ஜோ. "சின்ன அலையில ஜம்முனு போவும்." அப்புறம் ஃபராவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஆனா இவங்களுக்கு வாக்கு குட்த்துகீறனே."

6

முடிவுக்கு மூன்று சரக்கு இருக்கிறது.

ஃபரா மனமிரங்கி, கூர் மூக்கை வாங்கிக்கொள்கிறாள். இரண்டு பலகையும் விற்றது, எல்லோரும் சிரித்த முகம். ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறது. டேப்போடு வந்தவள் அப்படி ஏமாறமாட்டாள்.

ஜோ வாக்கைக் காப்பாற்றுகிறான். எழில்மொழி திங்கட்கிழமை பெயர் கொடுக்கிறாள். ஆசிரியருக்குப் பிடிக்கும். கடைசி வரியில் கொஞ்சம் புகை சேர்க்க முடியுமா என்று கேட்பார்.

இல்லையென்றால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, ஒரு ஞாயிறு இவளுக்கு, ஒரு ஞாயிறு அவளுக்கு. இது யோசிக்காமலேயே என் கையிலிருந்து வந்தது. சரிபாதியாக வெட்டுவது ரத்தத்தில் ஊறியது. எழில்மொழியிடம் கேட்டேன். "எல்லா ஞாயித்துக்கெழமயும் முழுசா இருந்தும் எனுக்கு ஆறு செகண்டுதான் கெடச்சுது. அத்தயும் பாதியாக்கப் போறியா?" என்றாள், துழாவுவதை நிறுத்தாமல்.

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். வாய் திறந்தால் எனக்குக் குறைதான் வரும்.

ஜோ ஃபராவைப் பார்க்கிறான். ஃபரா, கையில் எழில்மொழியின் பையோடு, பலகையைப் பார்க்கிறாள். ஏதாவது ஒன்றை அவள் சொல்லித்தான் ஆக வேண்டும். அது என்ன என்று நீங்கள் சொல்லுங்கள். இதுவரை படித்துவிட்டீர்கள், சும்மா போக முடியாது. ஒன்று மட்டும். சொல்வதைச் சீக்கிரம் சொல்லுங்கள். ஃபைபர் தூசு சுடிதாருக்குள் போய் அரிக்கத் தொடங்கிவிட்டது. முதுகு, கழுத்து, முழங்கை எல்லாம் தீயாக எரியும். எழில்மொழி சொறியவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.