இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் உட்காரச் சொல்வதற்குள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிடுவார். அதுவும் விரலின் பின்பக்கத்தால். பெயிண்ட் காய்ந்ததா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அதனால் எத்தனை இடத்தில் என் மானம் போயிருக்கிறது!

நான் ஒரு கடை வளாகத்தின் கார் பார்க்கிங்கில் வேலை பார்க்கிறேன். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டு, சுள்ளென்று வெயில். கார் வந்தால் சீட்டுக் கொடுத்து, பொத்தானை அமுக்கித் தடுப்பைத் தூக்க வேண்டும். இரண்டு காருக்கு நடுவில் நாவல் படிப்பேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். தலையணை கனத்தில் எத்தனை நாவல் முடித்திருக்கிறேன் தெரியுமா? அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

பிறகு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் அரைப் பக்கத்துக்குள் தலைவலி மண்டையைப் பிளந்தது. "புத்தகமே போரடிச்சுப் போச்சு" என்று வீட்டில் சொல்லி வைத்தேன். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரியை நகர்த்திச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தவர் என் நாவலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அடையாளத்துக்கு பார்க்கிங் சீட்டு வச்சிருக்கியே, அதுல தேதி போட்டிருக்கு. எட்டு மாசம் ஆச்சு, இன்னும் இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துலயே இருக்கு. கதையில வர்ற அந்தப் பொண்ணு கோர்ட்டுல நிக்குறான்னு சொன்னியே, இன்னுமா நிக்குறா?"

எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. "எழுத்து தெரியலங்க" என்றேன்.

மறு வாரம், திரையில் புத்தகம் படிக்கிற கருவி வாங்க ஒரு கடையில் நின்றோம். விற்பனையாளர் ஒரு டேப்லெட்டை எடுத்து நீட்டினார். "இதப் பாருங்கம்மா, நல்ல கலரு. புத்தகமும் படிக்கலாம், படமும் பாக்கலாம்." பக்கத்தில் புத்தகம் படிக்க மட்டுமே ஆன ஓர் இ-ரீடர், சாம்பல் நிறத்தில், யாரோடும் பேச மாட்டேன் என்பது போலக் கிடந்தது. என் மனசு பளபளப்புக்குத்தான் போனது.

இவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "சார், வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது!" என்று விற்பனையாளர் பின்னாலேயே ஓடினார்.

"என் பொண்டாட்டி நாள் பூரா வெயில்ல உக்காந்திருக்கா. வெயில்ல பாக்காம எப்படி வாங்குறது?"

வெளிச்சத்தில் இரண்டையும் சாய்த்துப் பிடித்தார். டேப்லெட்டில் என் மூஞ்சிதான் தெரிந்தது. இ-ரீடரில் எழுத்து தெரிந்தது, எழுத்து மட்டும்.

"அது மினுங்குற கிளாஸி பெயிண்டு மாதிரி, இது மினுங்காத மேட்டு. வெயில் அடிக்கிற சுவத்துக்கு நான் என்னைக்காவது கிளாஸி அடிச்சிருக்கேனா?" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது.

அடுத்த நிமிஷமே மானத்தை வாங்கினார். பழக்க தோஷத்தில் விரலின் பின்பக்கத்தால் திரையைத் தொட்டார். இருந்த எழுத்து மறைந்து வேறு எழுத்து வந்தது. "ஐயையோ, ஈரம் காயல போல, கையோட வந்துடுச்சு!" என்று விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"பக்கம் திரும்பியிருக்கு சார், அவ்வளவுதான்" என்றார் விற்பனையாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் கேட்டது ஒன்றுதான். என் நாவல் இதில் கிடைக்குமா? விற்பனையாளர் தேடிப் பார்த்தார். கிடைத்தது. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்தார். ஆக்கினேன், இன்னும் ஆக்கினேன். வரிக்கு நாலே வார்த்தை. எறும்புகள் அசையாமல் நின்றன. கடை என்றும் பார்க்காமல் ஒரு பத்தியைச் சத்தமாகவே படித்தேன்.

என் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அதில் தொள்ளாயிரத்துச் சொச்சமாகிவிட்டது. ஆகட்டுமே! உச்சி வெயிலில் கூண்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தள்ளினேன். தினம் வருகிற கார்க்காரர்கள், "என்னம்மா அது?" என்பார்கள். "எங்க வீட்டுக்காரர் வெயில்ல வச்சுப் பாத்து எடுத்தது" என்பேன். கேட்டதற்குப் பதில் அது இல்லைதான். எனக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

மூன்றாவது வாரம், ஒரே ஒரு பக்கத்தை மிச்சம் வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். வேலையிலிருந்து நேராக வந்தார், சட்டையெல்லாம் வெள்ளைப் பொட்டு.

"முடிச்சிட்டியா?"

"ஒரு பக்கம் பாக்கி. நீங்க திருப்புங்க."

விரலைச் சட்டையில் துடைத்தார். கூண்டின் சின்ன ஜன்னல் வழியே கையை நீட்டி, பின்பக்கத்தால் மெதுவாகத் தொட்டார். பக்கம் திரும்பியது. நான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன். ஒரு எழுத்துகூட ஊரவில்லை.

வரிசையில் ஒரு கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது. இவர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"ஒரே நிமிஷம் சார். எட்டு மாசத்துக்கு மேல கோர்ட்டுல நிக்குறா, இப்பத்தான் தீர்ப்பு வாசிக்கிறாங்க."