மங்கிப்போன பின்கண்ணாடி

எல்லோரும் ஒரு காரை முன்பக்கம் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள். எனக்கு அந்தச் சாம்பல் நிறக் காரைப் பின்பக்கம் வைத்துத்தான் தெரியும். நம்பர் பிளேட்டில் ஒரு திருகு குறைவு, பம்பரில் ஒரு நசுங்கல், பின் வைப்பரில் ரப்பர் என்ற பேச்சே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் என் மகள் குட்டியை ஏற்றிக்கொண்டு அது என் தெருவை விட்டுப் போகும். போவதைப் பார்க்க மட்டும் கொடுத்துவைத்தவனுக்கு வேறெந்தப் பக்கம் தெரியப்போகிறது?

ஓட்டுகிறவள் குட்டியின் அம்மா. என் மனைவி என்று சொல்ல நாக்கு இன்னும் தயாராகத்தான் இருக்கிறது, காகிதம் ஒப்புக்கொள்ளாது. காலையில் நீச்சல் வகுப்பு முடிந்ததும் குட்டியைக் கொண்டுவந்து விடுவாள், சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வாள். அவள் மாடியேறி வருவதில்லை, நான் கீழே இறங்குவதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை இது. ஒரு தடவை நான் இறங்கிப்போய், டயரில் காற்று குறைவு என்று ஆரம்பித்து, தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்குப் பேசி முடித்தேன். அதற்குப் பிறகு தானாக வந்த ஏற்பாடு.

நான் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். கற்றுக்கொடுக்கும் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் போனாலும், எனக்குப் பிடிக்காவிட்டால் ஒரு மிதி. அவளும் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்தான். மிரரைப் பார் என்றால் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஒரு பார்வை போதும்மா. அதுக்கு மேல பாத்தா அது ஓட்டறது இல்ல, வேடிக்கை."

"சரி சார்" என்பாள். மறுபடியும் பார்ப்பாள்.

லைசென்ஸ் தேர்வன்று நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கிளம்பச் சொல்லிக் கையைத் தூக்கினேன். மிரரில் அவள் கண் தெரிந்தது. மிரரில் ஓட்டுகிறவர் கண் நமக்குத் தெரிந்தால், அவருக்கும் நாம் தெரிகிறோம் என்பது எங்கள் முதல் பாடம். என்னைப் பார்த்துக்கொண்டே கிளம்பியவள் முன்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை ஏற்றிச் சாய்த்தாள். தேர்வில் தோற்றாள். கல்யாணம் ஆயிற்று.

அதற்கப்புறமும் 'சார்' போகவில்லை. கோபம் வந்தால் 'சார்', கொஞ்சல் என்றாலும் 'சார்'. நான்தான் வீட்டிலும் என் காலடியில் ஒரு பிரேக் இருப்பதாக நினைத்துவிட்டேன். அடுப்பைக் குறை, குடையை எடு, அந்த வேலை வேண்டாம், அவர்களோடு பேச்சு வேண்டாம். பெட்டியைத் தூக்கும்போது ஒன்று சொன்னாள். "உங்க கூட இருந்தா சாகற வரைக்கும் எனக்கு எல் போர்டுதான் சார்." அதுதான் கடைசி 'சார்'. இப்போது என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை.

என் வீடு முதல் மாடி. கீழே சலவைக் கடை. அதன் தகரக் கூரைக்கடியில்தான் அவள் வண்டியை நிறுத்துவாள். பால்கனியிலிருந்து பார்த்தால் வண்டியின் வால் மட்டும் தெரியும். குட்டி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படியிறங்குவாள். கூரைக்கடியில் மறைவாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். பிறகு வண்டி வெளியே வந்து நேராகப் போய், வேகத்தடை ஏறி இறங்கி, வளைவில் திரும்பிவிடும். வேகத்தடைக்குப் பத்தடி முன்பே பிரேக் விளக்கு சிவப்பாக எரியும். நான் கற்றுக்கொடுத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமையும் அதற்குப் பின்னாலேயே ஒரு வலியும் வரும்.

குட்டி சின்னவளாக இருந்தபோது பின் சீட்டில் மண்டி போட்டு, மூக்கைக் கண்ணாடியில் சப்பையாக ஒட்டி, வளைவு வரைக்கும் கையசைப்பாள். பெல்ட் போடவில்லை என்று கண்டிக்க வேண்டியவன் நான். வாயைத் திறக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வரை ஓட்டிவிடுவேன்.

அந்தக் கண்ணாடிதான் மங்க ஆரம்பித்தது. முதலில் நடுவில் ஒரு வில் மாதிரி கீறல். பிறகு ஓரமெல்லாம் வெளுத்தது. மழைக்காலம் வந்ததும் மொத்தமும் பால் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஒரு வெளுப்பு, உருண்டையாக, தலை அளவுக்கு. அதுதான் குட்டி. வேகத்தடையில் வண்டி ஏறும்போது அந்த வெளுப்பு ஒரு தரம் தலையாட்டும். அதை 'வரேன்பா' என்று எடுத்துக்கொண்டு நானும் கையசைப்பேன். ஆனால் முகம் வேண்டும் எனக்கு. வாரம் முழுக்கக் காத்திருப்பது ஒரு வெளுப்புக்காகவா?

டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே வண்டிக் கண்ணாடி மாற்றுகிற பட்டறை. அதை நடத்துகிறவரைக் கண்ணாடி அண்ணன் என்போம். அவருக்கோ மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கிற ஆள் யாரென்று தெரியாது.

"அண்ணே, பின்கண்ணாடி மங்கினா மாத்தணுமா?"

"வண்டிய கொண்டா, பாக்கறேன்."

"வண்டி இல்ல."

"வண்டி இல்லாம கண்ணாடி மட்டும் வச்சிருக்கியா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மங்கினதெல்லாம் மாற்ற வேண்டியதில்லை என்றார். மேலே ஒட்டின கறுப்புத் தாள் கொப்பளித்திருந்தால் தாளை உரித்தால் போதும். கீறலில் நகம் மாட்டினால் தேய்த்துப் போகாது. பனி பிடிக்கிற காலையில் சூடாக்கும் சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும். கோடு கோடாகத் தெளியாவிட்டால் உள்ளே கம்பி செத்துவிட்டது. மழைக்கு அப்புறம் பின்பக்கம் ஈர வாடை அடித்தால் சுற்று ரப்பர் போய்விட்டது.

"எல்லாத்துக்கும் மேல ஓரத்தைப் பாரு. ஓரத்துல சின்னதா ஒரு சில்லு பேந்திருந்தா ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. முன்கண்ணாடி விரிசல் விட்டாலும் தாங்கும், ஒட்டலாம். பின்கண்ணாடிக்கு அந்தப் பேச்சே இல்ல. நல்லா இருக்கும், நல்லா இருக்கும், ஒரு நாள் டிக்கியை ஓங்கிச் சாத்தினா மொத்தமா உப்புக்கல்லா கொட்டிடும்."

கொஞ்ச நேரம் எனக்கு வண்டியைப் பற்றிய நினைப்பே இல்லை.

அடுத்த சனிக்கிழமை குட்டியை உட்கார வைத்து வேலை சொன்னேன். நகத்தால் கீறிப் பார், மோந்து பார், சுவிட்சைப் போடச் சொல்லிப் பார், நாலு மூலையையும் தடவிப் பார். ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள்.

"அப்பா, எனக்கு இதுக்கு மார்க் உண்டா?"

"உண்டு. போடறேன்."

அதற்கடுத்த வாரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"பின்னாடி ஏறிப் பாத்தேன்பா. நகம் மாட்டுது. நனைஞ்ச துணியைச் சுருட்டி வச்ச மாதிரி நாத்தம். கோடு ஒண்ணுகூட தெளியல. கீழ் மூலையில ஒரு இடம் கையைக் குத்துது, ஒரு பொட்டு அளவுக்குப் பேந்திருக்கு."

நாலுக்கு நாலு. அன்றைக்கே அவள் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"பின்கண்ணாடியை மாத்தணும்."

"நல்லாத்தானே இருக்கு. எனக்கு சைடு மிரர் போதும்."

"நகம் மாட்டுது, ரப்பர் போயிடுச்சு, கம்பி செத்துடுச்சு. உனக்கு எப்படி நல்லா இருக்கும்?"

"குழந்தையை வேவு பாக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். கோபம் இல்லை, சலிப்புதான். "நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால். விடுங்க. அது அப்படியே இருக்கட்டும். உங்களுக்குத்தான் நல்லது."

எனக்குச் சுருக்கென்றது. என் கண்ணில் மகள் படாமல் இருப்பது எனக்கு நல்லதா? என்ன மனசு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு கத்தினேன்.

"ஓரத்துல சில்லு பேந்திருக்கு! எப்ப வேணா கொட்டும்! பின் சீட்டுல பிள்ளை உக்காந்திருக்கா!"

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அவ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "சரி. மாத்திடறேன். எங்க போகணும்?" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடி அண்ணன் பட்டறைக்கு வழி சொன்னேன். அவள் வந்த அன்று எனக்கு ஊருக்கு வெளியே வகுப்பு. திரும்பி வந்தபோது வேலை முடிந்து வண்டி போய்விட்டிருந்தது. பழைய கண்ணாடியை அண்ணன் மூலையில் சாய்த்து வைத்திருந்தார். மடித்த தாளை ஓரத்தில் வைத்துச் சில்லு பேந்த இடத்தைக் காட்டினார்.

"நல்ல நேரத்துல மாத்தினே. புதுசு போட்டாச்சு, இருக்கறதே தெரியாது. ஒரு பறவை வந்து முட்டினாலும் ஆச்சரியம் இல்ல." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொண்ணு உன்னைப் பத்தி ஒண்ணு கேட்டுச்சுப்பா. இன்னும் வெறும் வயித்தோடதான் காலை வகுப்புக்கு வராரான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

அந்தச் சனிக்கிழமை எனக்கு நிலைகொள்ளவில்லை. குட்டி வீட்டுப்பாடம் எழுதினாள், படம் பார்த்தாள், தூங்கினாள். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கீழே ஹாரன் அடித்தது. கட்டிப்பிடித்தாள், "வரேன்பா" என்றாள், இறங்கினாள். பால்கனிக்குத்தான் போனேன். அங்கிருந்து வண்டியின் வாலைப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று வானத்தைத்தான் காட்டியது. கிட்டே போனால்தான் உள்ளே தெரியும். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் கால் தானாகப் படியிறங்கியது.

வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அண்ணன் சொன்னது சரிதான், கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பின் சீட் காலியாக இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. குட்டி எங்கே என்று பதறிப்போய்ப் பார்த்தேன். முன் சீட்டில் இருந்தாள். பெல்ட் போட்டு, காதில் ஏதோ மாட்டி, மடியில் போனை வைத்துக் குனிந்திருந்தாள். வளர்ந்த பிள்ளை, முன்னால்தானே உட்காருவாள். பின் சீட்டின் தலைத்திண்டில் அவளுடைய வெள்ளை நீச்சல் தொப்பி மாட்டியிருந்தது. காலையில் நனைந்தது, காய்வதற்காக. அந்தத் தலைத்திண்டு கொஞ்சம் கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் பூராவும் நான் ஒரு தொப்பிக்குக் கையசைத்திருக்கிறேன். அதுவும் மரியாதையாக எனக்குத் தலையாட்டியிருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமில்லை. அப்போதுதான் போனில் அவள் முழுங்கிய வார்த்தை ஞாபகம் வந்தது. அவ பின்னாடி உக்காருறதே இல்லை என்று சொல்ல வந்தவள், சொல்லவில்லை. 'உங்களுக்குத்தான் நல்லது' என்றாளே, அதை என் நல்லதுக்காகவேதான் சொல்லியிருக்கிறாள்.

தலையை நிமிர்த்தினேன். உள்ளே மிரரில் இரண்டு கண்கள் இருந்தன.

ஓட்டுகிறவர் கண் நமக்குத் தெரிந்தால் அவருக்கும் நாம் தெரிகிறோம். என் கலைந்த தலை, ஈரமான கண், வீட்டுச் செருப்பு எல்லாம் அவளுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்திருக்கும். ஒரு பார்வை போதும், கிளம்பலாம். அவள் கிளம்பவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. கண்ணோரம் இரண்டு கோடுகள் புதிதாக விழுந்திருந்தன. அவை எப்போது விழுந்தன என்று எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அந்த நேரத்தில் பெரிய துக்கமாக இருந்தது. எனக்கு இவளைப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. முதலில் மகளைச் சாக்கு வைத்தேன், அப்புறம் கண்ணாடியைச் சாக்கு வைத்தேன். ஏங்கியது இவளுக்காகவும்தான்.

பின் டயரில் காற்று குறைவாக இருந்தது. பார்த்தேன். சொல்லவில்லை.

கையைத் தூக்கினேன். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி நகர்ந்தது. மிரரில் கண்கள் சிறுத்துக்கொண்டே போயின. கொஞ்ச தூரத்தில் எனக்கு அவை தெரியாமல் போயின. அவளுக்கு நான் தெரிகிறேனா என்பதும் தெரியாமல் போயிற்று. கண்ணாடியில் மறுபடியும் வானம்தான் இருந்தது. வேகத்தடை நெருங்கியது. பத்தடி முன்பு எரிய வேண்டிய சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தேன்.

எரியவில்லை. வண்டி அப்படியே ஏறி, தூக்கிப் போட்டு இறங்கியது. அதற்குப் பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகுதான், விளக்கு திடுக்கிட்டு எரிந்தது. முன்னால் பார்க்காமல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும்.

கூம்பு சாய்ந்த அன்றைக்கு நின்றது போலவே, தூக்கிய கையை இறக்காமல் நின்றேன்.