ஐந்துக்கு நாலரை

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு வாசகர் எழுதிய நாலு வரித் திட்டிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. எந்தக் கருவி விலைக்குத் தகும், எது தகாது என்று இணையப் பத்திரிகையில் எழுதுவது என் பிழைப்பு. கம்பெனி அனுப்பும் பெட்டியைப் பிரிப்பேன், இருபது நாள் பயன்படுத்துவேன், மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருபது நாள்தான். அதற்குள் அடுத்த பெட்டி வந்து நிற்கும்.

2
அந்தக் கடிகாரம் பார்ப்பதற்கு அழகாக (அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

கட்டியிருப்பவர் விழுந்தால் வீட்டாருக்குத் தானாகவே போன் போடும் கடிகாரம் அது. பதினோரு முறை விழுந்து பார்த்தேன்.* பதினோரு முறையும் போன் போனது. 'தனியாக இருப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஐந்துக்கு நாலரை' என்று எழுதினேன்.

* மெத்தையில் இல்லை, வெறுந்தரையில். முழங்கால் இன்னும் வலிக்கிறது. சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

3
இனி அக்கா. அவளை அப்பாவியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவள். அத்தானுக்கு வலிப்பு வர ஆரம்பித்ததும் எட்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டோடு இருந்தாள். என் கட்டுரையைப் படித்துவிட்டுக் கடிகாரத்தை வாங்கி அவர் கையில் கட்டினாள். மறுவாரமே வேலைக்குத் திரும்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் எழுதியிருக்கிறேனே.

4
வாசகரின் நாலு வரி ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வந்தது. முதல் முப்பது நாள்தான் இலவசமாம். பிறகு மாதச் சந்தா கட்டாவிட்டால் கடிகாரம் யாரையும் கூப்பிடாதாம். பச்சை விளக்கு மட்டும் எப்போதும்போல எரியுமாம். முப்பத்தோராவது நாள் விழுந்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்.

விரல்விட்டு எண்ணினேன். அத்தானுக்கு அன்று முப்பத்து நாலாவது நாள்.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"காலைலகூட பச்சை விளக்கு எரியுதான்னு பாத்துட்டுத்தான்டா வந்தேன்," என்றாள்.

அப்புறம் அவள் படியிறங்கி ஓடும் சத்தம்தான். போனை வைக்க மறந்திருந்தாள். நானும் வைக்கவில்லை.

5
முடிவு ஒன்று: அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். (எழுதும்போதே நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அக்கா கதவைத் திறந்தபோது (என்னால் முடியாது.)

நடந்தது: சமையலறைத் தரையில் கிடந்தார். உதடு கிழிந்திருந்தது. நினைவு திரும்பியிருந்தும் எழுந்திருக்கத் தெம்பில்லை. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஐந்து தையல் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

6
அன்றே கட்டுரையைத் திருத்தினேன். நாலரையை அரையாக்கினேன். யாருக்கு என்ன லாபம்? அக்கா மறுபடி வீட்டோடு இருக்கிறாள். திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை போய்விடும். என்னைத் திட்டுவாள் என்று மூன்று வாரமாகக் காத்திருக்கிறேன். திட்டியிருந்தால் கதையை அங்கேயே முடித்திருப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டாள்.

"வேற கம்பெனியில ஒண்ணு வந்திருக்காமே. மத்தவங்க எழுதினது எதையும் நான் படிக்கல. நீ நல்லா இருக்குன்னு சொல்லு, வாங்கிடுறேன்."

அந்தப் புதுக் கடிகாரம் இப்போது என் கையில்தான் இருக்கிறது. கட்டி ஒன்பது நாள் ஆகிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. அக்கா லைனில் காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?