வவுனியாவில் மூடுபனி

1.

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தனுஷிகா கேட்டாள், அதனால் எழுதினேன். அவள் கேட்டது தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்கு வரும் பஸ்ஸில், கடைசி இருக்கையில். மாலை வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் அதில்தான் வருவோம்.

வகுப்பில் அலோசியஸ் சேர் கணினியும் ஆங்கிலமும் சொல்லித்தருகிறார். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொன்னதும் அவர்தான். பதினொரு பேரில் விடாமல் எழுதுவது நான் மட்டும். தனுஷிகா எழுதமாட்டாள், என்னுடையதை வாங்கி வாசிப்பாள். அன்றும் வாசித்துவிட்டுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நடந்ததையெல்லாம் ஒழுங்கா எழுதுறியே, நடக்காததையும் எழுதிப் பாரு புள்ள. கொழும்பு, கண்டி, வவுனியா. எந்த ஊருல நான் நல்லா இருக்கேனோ அங்க போயிர்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு முடிந்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.

விவரங்கள். (இவற்றை முதலிலேயே வைத்திருக்கவேண்டுமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இன்னும் தெரியவில்லை.)

தனுஷிகாவுக்கு வயது இருபத்து நான்கு. பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, ஆகவே அதை எழுத முடியாது. இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அவளுடைய அண்ணன் துஷாந்தோடு இருக்கிறாள். ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. வரும் தை மாதம் துஷாந்துக்குக் கல்யாணம். அவன் தங்கையைப் போகச் சொல்லவில்லை. நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னான். அதைக் கேட்ட அன்றே அவள் போவதென்று முடிவெடுத்துவிட்டாள்.

அவள் கையில் இருக்கும் காசு ஓர் ஊருக்குத்தான் போதும். தவறான ஊரில் இறங்கிவிட்டால் இன்னோர் ஊரைத் தேடிப் போக முடியாது. லயத்துக்குத் திரும்பி வர மட்டும் முடியும்.

அப்படிப்பட்ட விஷயத்தை என்னிடம் கொடுத்திருந்தாள்.

3.

கொழும்புத் தொடக்கம்: "புறக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தனுஷிகா சுவெட்டரின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். துணிக்கடை முதலாளி அவளைப் பார்த்து —"

முதலாளி நல்லவரா? இரண்டு நாள் இதிலேயே போயிற்று. நல்லவர் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கெட்டவர் என்றால் அவளை எப்படி அங்கே விடுவது? நல்லவருமில்லை கெட்டவருமில்லை என்று எழுதினேன், அத்தோடு கதை நின்றுவிட்டது.

கண்டித் தொடக்கம்: "அறைக்கு ஜன்னல் இல்லை. தனியாகவா இருக்கப்போகிறாய் என்று வீட்டுக்காரம்மா சிங்களத்தில் கேட்டார். தனுஷிகாவுக்குச் சிங்களம் தெரியும். என்ன பதில் சொல்வது என்பதுதான் —"

வவுனியாத் தொடக்கம்: "காலை மூடுபனி விலகியதும் சிவசாமி மாமாவின் வீட்டில் அடுப்புக்கு மேல் காயப்போட்டிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு —"

[அடிக்குறிப்பு: சிவசாமி அவளுக்குத் தூரத்து மாமா. எங்கள் தோட்டத்தை விட்டுப் போய் அங்கே குடியேறியவர். நான் போன மிகத் தூரமான ஊர் கண்டி. பல் பிடுங்குவதற்காகப் போய் அரை நாள் இருந்தேன். வாய் நிறையப் பஞ்சு. ஆகவே கண்டிப் பகுதியில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள்.]

எப்படியோ மூன்றையும் ஏழேழு பக்கங்களில் முடித்தேன்.

4.

பஸ்ஸில் வைத்தே வாசித்தாள். கொண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"கொழும்புல சுவெட்டரா? அவிஞ்சுல்ல போயிருவேன். வவுனியாவுல மூடுபனியாம். மாமா கேட்டா அங்கருந்தே சிரிப்பாரு."

வெட்கமாக இருந்தது. எங்கே எழுதினாலும் எனக்கு இங்குள்ள தூறல்தான் வருகிறது. உடுப்பை வெயிலில் காயப்போடும் ஊர் இருக்கிறதென்று தெரியும், கை மட்டும் அடுப்புக்கு மேலேயே கொண்டுபோய்ப் போடுகிறது.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். மூன்று கதைகளின் கடைசியையும் திரும்பப் பார்த்தாள். இப்போது சிரிக்கவில்லை.

"அத விடு. மூணு ஊருலருந்தும் ஏழாம் பக்கத்துல நான் ஏன் லிந்துலை சந்தியில வந்து எறங்குறேன்?"

"கதை அப்படிப் போயிருச்சு."

"கதை போகல. நீ கூட்டிட்டு வந்துட்ட."

5.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சொன்னால் கதை கெட்டுவிடுமோ தெரியவில்லை.

சந்தியிலிருந்து எங்கள் லயத்துக்குத் தேயிலைக்குள்ளால் இருபத்தைந்து நிமிட நடை. நாங்கள் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். இரண்டு பேராக வருகிறோம் என்பதால்தான் அம்மா என்னை வகுப்புக்கு விடுகிறாள். தனுஷிகா போனால் என் வகுப்பும் போய்விடும்.

அதை மனதில் வைத்தா எழுதினேன்? இல்லை என்றுதான் நினைத்தேன். கதை கேட்டதிலிருந்து அவள் வாங்கி வாசிக்காத நாட்குறிப்பைச் சந்தேகத்தில் புரட்டினேன். அவள் என்னைக் கேட்ட அன்றைய பக்கத்தின் அடியில், என் கையெழுத்தில், "இவள் போனால் சந்தியிலிருந்து யாரோடு நடப்பது?" என்று இருந்தது. மறுநாள்தான் கொழும்பை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

மலை ஏறும்போது அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினேன். போன் வெளிச்சத்தில் வாசித்தாள். வளைவு வந்ததும் கொப்பியை மூடித் திருப்பித் தந்தாள்.

"இதுக்காகவா என்னைய மூணு தடவ கொண்டாந்து எறக்குன? வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா இருந்திருப்பியா?"

நின்று யோசித்தாள். யோசித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

"இல்ல," என்றாள்.

6.

மூன்று ஏழாம் பக்கங்களையும் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனாள். அங்கே போய்விட்டால் மூன்று ஊர்களுக்கும் வழி இருக்கிறது. துஷாந்த் பையைத் தூக்கிக்கொண்டு சந்திவரை வந்தான், எந்த ஊர் என்று அவனிடமும் சொல்லவில்லையாம். பஸ் வருவதற்குள் சுவெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

(இதை வைத்துக் கொழும்பு அல்லது வவுனியா என்று எழுதிவிட்டு, பிறகு வெட்டிவிட்டேன். கண்டியிலும் பகலில் சுவெட்டர் தேவைப்படாது என்கிறார் அலோசியஸ் சேர்.)

"ஊர் பேரையாவது சொல்லிட்டுப் போ," என்றேன்.

"சொன்னா எழுதிருவ. எழுதுனா திரும்பி வந்துருவேன்."

நேற்று போன் எடுத்தாள். தங்க இடம் கிடைத்துவிட்டதாம், வேலை தேடுகிறாளாம். பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டது. எல்லா ஊரிலும் பஸ் இருக்கிறது. வகுப்புக்குப் போறியா என்று கேட்டாள். போகிறேன் என்று சொன்னேன். அம்மா மலையில் கொழுந்து பறித்து வந்த களைப்போடு இரண்டு நாள் டோர்ச் எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்தாள். மூன்றாம் நாள் கால் வலி என்றாள், அன்றோடு என் வகுப்பு நின்றது. அதைத் தனுஷிகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஓர் ஏழாம் பக்கம்தான்.

7.

"அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அந்த ஊரில் —"

இதற்கு மேல் என்னால் முடியாது. கொப்பியில் மிச்சமெல்லாம் வெறும் தாள்தான். ஊர்களைப் பார்த்தவர் நீங்கள், ஆகவே நீங்கள் எழுதுங்கள். ஜன்னலுள்ள அறையாகப் பாருங்கள். வெயில் அடிக்கும் ஊரென்றால் வெயிலையே எழுதுங்கள், அவள் உடுப்பு கொடியில் காயட்டும். ஊரின் பெயரை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.

கை எழுதிவிடும்.